டீ குடிக்க இறங்கியவர்

அப்பாவின் பை தாம்பரம் வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அப்பாதான் போய்ச் சேரவில்லை. நாலு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது "எப்படிம்மா காணாமப் போனாரு?" என்று கேட்டு, "டீ குடிக்க எறங்குனாருங்க" என்று நான் பதில் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு டீ, அரியலூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஏறினார். மூன்றாவதாக ஒன்று அவருக்குத் தேவையே இல்லை.

நான் வேப்பந்தட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் அப்பாவின் ஊர். மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுவார், கிணற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில் சின்ன வெங்காயம். தாம்பரத்தில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அம்மா பிரசவத்துக்கு முன்பே அங்கே போய்விட்டாள். பேரப்பிள்ளையைப் பார்க்க அப்பா கிளம்பினார்.

பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு எந்த நேரமும் பஸ் உண்டு. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள். அப்பாவை ரயிலில் ஏற்றியது நான். சர்க்கரை உள்ள மனிதர், அடிக்கடி ஒதுங்க வேண்டும், பஸ் என்றால் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்று நானே பெரிய புத்திசாலியாக யோசித்தேன். அறுபத்து மூன்று வயதுவரை அவர் ரயிலில் ஏறியதே கிடையாது. "பஸ்ஸே போதும் ஆயி" என்றார். என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார். நான் விடவில்லை. விடியற்காலை பஸ் பிடித்து அரியலூர் கூட்டிப்போய், ஜன்னலோரமாக உட்காரவைத்து, "தாம்பரம் வந்தா எறங்குங்க, மாப்ள வந்து நிப்பாரு" என்று மூன்று தரம் சொன்னேன். எங்கே இறங்கவேண்டும் என்று சொன்னேனே தவிர, நடுவில் எங்கேயும் இறங்காதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அதை ஒரு பெரிய மனிதருக்குச் சொல்லவேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

ஒன்பது மணிவாக்கில் போன் போட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்தார்.

"இந்தப் பெரியவரு உங்க அப்பாங்களா? விழுப்புரத்துல டீ குடிச்சிட்டு வரேன், சீட்டப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு எறங்குனாரு. வண்டி எடுத்துட்டாங்க. வேற பொட்டியில ஏறியிருப்பாரு, நடந்து வருவாருன்னு பாத்துக்கிட்டே இருக்கோம். வரலீங்க."

சீட்டில் துண்டைப் போட்டு, துண்டின்மேல் பையை வைத்து, பைக்குள் போனையும் பத்திரப்படுத்திவிட்டு இறங்கியிருக்கிறார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்கு விளக்கவேண்டியிருக்கிறது. சென்னை பஸ் வழியில் ஒரு ஓட்டலில் நிற்கும். எல்லோரும் இறங்குவார்கள். அப்பா முகம் கழுவி, வாய் கொப்பளித்து, டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பார். கண்டக்டர் தலையை எண்ணிப் பார்த்து, "மூணாம் நம்பர் சீட்டு பெரியவரு எங்கப்பா?" என்று சத்தம் போடுவார். டிரைவர் ஹாரன் அடிப்பார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து ஏறுவார். அவர் ஏறினபிறகுதான் விசில். சீட்டில் துண்டு கிடந்தால் ஆள் வரவேண்டியிருக்கிறது என்று அர்த்தம், ஆளை விட்டுவிட்டு வண்டி போகாது. அறுபத்து மூன்று வருடம் அவரை எந்த வண்டியும் விட்டுவிட்டுப் போனதில்லை.

அன்றைக்கே நானும் என் வீட்டுக்காரரும் விழுப்புரம் போனோம். ரயில்வே போலீஸில் ஒரு பெண் போலீஸ் புகாரை எழுதிக்கொண்டார். "உயரம் எவ்வளவும்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "சட்டை நீளம் இருபத்தொம்பது, தோள் பதினெட்டு, மார்பு நாப்பதுங்க" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டெய்லருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டார். அந்த நல்ல பெண்தான் மறுநாள் எங்களை உட்காரவைத்து கேமராவில் பதிவானதைக் காட்டினார்.

படத்தில் அப்பா டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ரயில் நகர்கிறது. அவர் ஓடவில்லை. கையைத் தூக்கி நீட்டுகிறார், ரோட்டோரம் நின்று பஸ்ஸை நிறுத்துவோமே, அப்படி. பெட்டிகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போகின்றன. கையை இறக்காமல் நிற்கிறார். கடைசிப் பெட்டியும் போனபிறகு டீக்காரரிடம் ஏதோ கேட்கிறார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, ரயில் போன திசையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் இருக்கிறார். யாராவது எண்ணிப் பார்ப்பார்கள், ஆள் குறைவது தெரிந்து திரும்பி வருவார்கள் என்று நினைத்திருப்பார். பிறகு எழுந்து மேம்பாலப் படி ஏறுகிறார். அடுத்த பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நின்று மறைக்கிறது. அது போனபின் அவர் இல்லை. அவ்வளவுதான். அந்தக் கை நீட்டலைப் பார்த்தபோது நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

விழுப்புரத்திலிருந்து ரயில்கள் எல்லாத் திசைக்கும் போகின்றன. காட்பாடி, திருப்பதி, பாண்டிச்சேரி என்று நாங்களும் எல்லாத் திசைக்கும் போனோம். போலீஸிலும் பல ஸ்டேஷன்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். கடையை ஞாயிற்றுக்கிழமை மூடுவேன். சனிக்கிழமையும் மூடுவேன். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்தவர்கள் பொங்கலுக்கு வாங்கிப்போனார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆதரவற்றோர் இல்லங்கள், கோயில் வாசல்கள், ஆஸ்பத்திரிகள். கிரிவலப் பாதையில் ஒரு பெரியவரின் முதுகைப் பார்த்து "அப்பா" என்று கத்தினேன், அவர் திரும்பி என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார்.

எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். புத்தி தெளிவாக இருந்த ஆள்தானே, பெரம்பலூர் என்று சொன்னால் யாராவது பஸ் ஏற்றிவிட மாட்டார்களா? பதில் தெரியாததால் கேட்டவர்கள்மேல் எரிந்துவிழுந்தேன். இரண்டு சொந்தக்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவர்களோடு பேசாததில் எனக்குப் பெரிய நஷ்டமும் இல்லை.

அம்மா தாம்பரத்திலிருந்து அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். ஒருநாள்கூட "நீ ஏன் ரயிலேத்துன?" என்று என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும். குங்குமத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள், களை எடுத்தாள், வெங்காயம் போட்டாள். "வருவாரு" என்பாள், மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

நாலாவது வருடம் மார்கழியில் பெரியப்பா வந்தார். அப்பாவுடன் பிறந்த அண்ணன். கீழப்பழுவூரில் பெண் எடுத்து அங்கேயே நிலம் வாங்கித் தங்கிவிட்டவர். வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"நானும் ஒத்த தம்பிய வெச்சிருந்தவன்தான். எனக்கு மட்டும் ஆசையா? நாலு வருஷம் ஆச்சு. எங்க, எப்புடி போனானோ. அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம வெச்சிருக்கோம். ராத்திரி சோறு எறங்கல எனக்கு. வர்ற தை அமாவாசைக்குக் கொள்ளிடக்கரையில முடிச்சுப்புடலாம்."

எங்கள் பக்கம் உடல் கிடைக்காதவர்களுக்குப் புல்லால் ஆள் மாதிரி ஓர் உருவம் கட்டி, கோடித் துணி போர்த்தி, கொள்ளி வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியமும் நடக்கும். அத்தோடு அந்த ஆள் செத்துப்போனவர். அம்மாவின் நெற்றியில் குங்குமம் இருக்காது.

அம்மா உள்ளே போய்விட்டாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. நீதான் அலையற."

நான் தலையாட்டினேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் போட்டோவை நீட்டி, "இல்லீங்களே" என்பதைக் கேட்டு அலுத்துவிட்டது. அப்பா செத்துவிட்டார் என்று யாராவது முத்திரை குத்திக் கொடுத்தால், ஒரு மூச்சு அழுதுவிட்டு மறுநாள் கடையைத் திறக்கலாம் என்று இருந்தது. பெரியப்பா மறுவாரமே கோடித் துணி எடுத்து வைத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. லப்பைக்குடிக்காட்டு வியாபாரி பாய் ஒருவர் வெங்காயம் பார்க்க வந்தார். பல வருடமாக எங்கள் வெங்காயத்தை வாங்குபவர், அப்பாவோடு அவருக்குக் கிண்டலும் கேலியுமான பழக்கம். நான் அன்றைக்கு அம்மாவைச் சமாதானம் செய்யப் போயிருந்தேன். பாய் காட்டில் நின்றபடியே போனை எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு வேடிக்கை பாருங்க. கோலார் பக்கம் சரக்குப் பாக்கப் போயிருந்தேன். அங்கெல்லாம் வெங்காயத்தக் கொட்டகையிலதான் போடுவாங்க. ஒரே ஒரு காட்டுல மட்டும் நம்மூருப் பட்டறை! கன்னடத்துக்காரனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல. போட்டோ புடிச்சிக்கிட்டு வந்தேன்."

பட்டறை என்பது வெங்காயத்தை அழுகாமல் வைக்க எங்கள் காடுகளில் போடுவது. கல்லடுக்கி, தரைக்கு மேலே தூக்கி, குறுகலாக நீளமாக, காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற மாதிரி பக்கவாட்டில் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியை, நெருக்கிக் கட்டி, மேலே கூரை வேய்வார்கள். எல்லோரும் போடுவதுதான். அப்பா மட்டும் அதில் ஒரு வேலை செய்வார். அடிப்பக்கத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டு, அதைக் கொட்டாங்குச்சியால் மூடிவைப்பார். தினம் காலையில் கொட்டாங்குச்சியை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே சூடு ஏறினால் வெங்காயம் அழுகத் தொடங்கிவிட்டது என்று கணக்கு. ஊரே அவரைக் கேலி செய்யும். "டாக்டர் நாடி புடிக்கிறாரு" என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா போனை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே வைத்தாள், தள்ளி வைத்தாள். பிறகு என்னிடம் பத்து நாளாகப் பேசாதவள் பேசினாள்.

"கொட்டாங்குச்சி வெச்சிருக்குடி."

பார்த்தேன். பருத்திமாருக்குப் பதிலாகத் துவரைமார். மற்றதெல்லாம் அப்படியே. இடது ஓரத்தில், அடியில், ஒரு கொட்டாங்குச்சி. பாய் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, நான் வேடிக்கைன்னுல்ல காட்டுனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் அவர் வண்டியிலேயே போனோம். காட்டுக்குச் சொந்தக்காரர் ஓர் அம்மாள், ஐம்பது வயது இருக்கும். தமிழாட்களை வைத்து வேலை வாங்கிப் பழகியதால் தமிழ் பேசினார். போட்டோவை நீட்டினேன். "இல்லீங்களே" வரும் என்று எதிர்பார்த்துக் காது பழகியிருந்தது. அவர் போட்டோவை வாங்கி, "தாத்தா! இவருக்கு இவ்ளோ முடி இருந்துச்சா?" என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அவர் சொன்னது இது. போன பங்குனியில் தக்காளி பறிக்க லாரியில் வந்து இறங்கிய கூட்டத்தோடு அப்பாவும் வந்திருக்கிறார். தலையில் ஆறிப்போன பெரிய காயம். எங்கே அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பெயர் கேட்டால் யோசிப்பார். ஊர் கேட்டால், "எங்கூருக்கு பஸ்ஸு வரும்மா, ரயிலு வராது" என்பார்.

"அத வெச்சிக்கிட்டு நான் எந்த ஊருன்னு தேடுறது, சொல்லுங்க?" என்று அந்த அம்மாள் எங்களிடமே நியாயம் கேட்டார்.

அவர்கள் வெங்காயத்தைக் கொட்டகையில் குவித்ததைப் பார்த்து அப்பாவுக்குப் பொறுக்கவில்லையாம். யாரும் சொல்லாமலே துவரைமாரை இழுத்துவந்து நாலு நாளில் பட்டறை போட்டுவிட்டார். முதலில் சிரித்தார்களாம். மழைக்காலத்தில் அந்தப் பட்டறை வெங்காயம் மட்டும் அழுகாமல் நின்றிருக்கிறது. ஆனால் அதற்குள் அவர் போய்விட்டார். ஆடி மாதம், அவரோடு வந்த ஆட்கள் வடக்கே மாந்தோப்புகளுக்கும் தக்காளிக் காடுகளுக்கும் வேலைக்குக் கிளம்பியபோது அவரும் லாரியில் ஏறிக்கொண்டார். "இருங்க தாத்தா" என்று இவர் மகள் அழுதிருக்கிறாள். அந்தப் பெண்ணை அவர் ஆயி, ஆயி என்றுதான் கூப்பிடுவாராம்.

என் மனதில் அப்போது வந்தது சந்தோஷம்தான். துக்கம் இல்லை, குற்ற உணர்ச்சிகூட இல்லை, அதெல்லாம் அப்புறம் வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் என் அப்பா இந்தத் தரையில் நின்றிருக்கிறார், வெங்காயத்துக்காகக் கோபப்பட்டிருக்கிறார், லாரியில் ஏறும் அளவுக்குத் தெம்பாக இருந்திருக்கிறார். நாலு வருடமாகக் கேட்ட கேள்விக்கு முதல்முறையாக ஒரு பதில்.

இதை எழுதும் இன்றுவரை அவர் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் இப்போது நாங்கள் தேடும் விதமே வேறு. கோயில் வாசலுக்கும் சத்திரத்துக்கும் போவதில்லை. வேலை நடக்கும் காடுகளுக்குப் போகிறோம். நோட்டீஸில் உயரம், நிறம் எல்லாம் சுருக்கி, தலையில் தழும்பு, வெங்காயப் பட்டறை போடத் தெரிந்தவர் என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் பெரிதாக அடித்திருக்கிறோம். பாய் தன் பழக்கத்தில் உள்ள எல்லா லாரி டிரைவர்களுக்கும் கொட்டாங்குச்சிப் படத்தை அனுப்பிவிட்டார். போன மாதம் மதனப்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு டிரைவர் கூப்பிட்டு, பாதி கட்டிய பட்டறை ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த வாரம் போகிறோம். "இன்ஷா அல்லா, இந்தத் தடவ ஆளையே பாத்துருவோம்" என்று பாய் சொல்கிறார். நானும் நம்புகிறேன், முழுசாக நம்புகிறேன்.

அந்த முதல் நாள் சாயங்காலம் கோலார் காட்டிலிருந்து பெரியப்பாவுக்குப் போன் செய்ததைச் சொல்லவேண்டும். சண்டைக்குத் தயாராகத்தான் செய்தேன். பார்த்தது ஒரு பட்டறையைத்தானே, ஆளையா என்பார். அமாவாசைக்கு எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டதே என்பார். அதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"பாப்பா" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "தலையில அடிபட்டுருந்துச்சுன்னியே. வலிக்குதுன்னு சொன்னானாமா?"

நான் திரும்பி அந்த அம்மாளிடம் கேட்டேன். "இல்ல, இல்ல. நல்லாத் தூங்குவாரு. கொழம்பு ரெண்டு வாட்டி ஊத்தச் சொல்லுவாரு" என்றார். அதை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன். பெரியப்பா அழுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். "இருங்க, அங்கயே இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம், மூன்று பஸ் மாறி, எழுபது வயது மனிதர் அந்த ஊரில் வந்து இறங்கினார். அக்குளில் ஒரு கம்பளிப் போர்வை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். அந்த அம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, "லாரி எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார். அந்த அம்மாள் கையைக் காட்டினார். பெரியப்பா சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நானும் அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம்.